உத்தம மனஸ்தாபம்

பி.காம். படித்தவனுக்கு மார்ச் மாதம் என்றாலே வயிற்றைக் கலக்கும். அவன் கிறிஸ்தவனாகவும் பிறந்துவிட்டால் டபுள் டேமேஜ். ஒரு பக்கம் இயர் எண்டிங், இன்னொரு பக்கம் தவக்காலம். ரெண்டு இடத்திலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: 'என்னப்பா, கணக்கு டேலி ஆகுதா?'

தவக்காலம் தெரியாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஐயப்பனுக்கு ஒரு மண்டலம், ரம்ஜானுக்கு ஒரு மாதம் மாதிரி எங்களுக்கு நாற்பது நாள். சாம்பல் புதனன்று ஆரம்பம். போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பலை நெற்றியில் இட்டு, 'நீ வெறும் மண்ணுதாம்ப்பா' என்று ஞாபகப்படுத்தி அனுப்புவார்கள். 2018-லும் 2024-லும் இந்தப் புதன்கிழமை சரியாகப் பிப்ரவரி 14-ல் வந்து விழுந்தது. நெற்றியில் சாம்பல், கையில் ரோஜா சகிதம் போய் நின்ற என் சிநேகிதன் ஒருவனை அந்தப் பெண் ஏற இறங்கப் பார்த்து, "வீட்ல யாராவது தவறிட்டாங்களா?" என்று அனுதாபமாகக் கேட்டாளாம்.

காலண்டரை வைத்து எண்ணினால் சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை 46 நாள் வரும். பயப்பட வேண்டாம், ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட வேண்டும். வீக்லி ஆஃப் கொடுக்கிற விரதம்! மற்றபடி சட்டமும் ரொம்பக் கடுமை இல்லை. ஒருசந்தி, அதாவது ஒரே வேளை முழுச் சாப்பாடு, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான் கட்டாயம். அதுவும் 18 வயதிலிருந்து 59 வரை. 14 வயதானால் அந்த நாட்களில் இறைச்சி கூடாது. மீன் இறைச்சிக் கணக்கில் வராது என்பது எங்களைப் போன்ற கடற்கரைக்காரர்களுக்குக் கிடைத்த சலுகை. ஒருசந்தியில் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, 'ரொம்பக் கஷ்டமா இருக்குடா' என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

கஷ்டம் சாப்பாட்டில் இல்லை ஸார். பாவசங்கீர்த்தனத்தில்.

சின்ன வயதில் இந்த வார்த்தையைக் கேட்டு நடுங்கியிருக்கிறேன். சங்கீர்த்தனம் என்றால் பாட்டாயிற்றே, செய்த பாவத்தை ராகம் போட்டு வேறு பாட வேண்டுமா? இப்போது 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று அழகான பெயர். ஒப்புரவு, வள்ளுவர் ஒரு அதிகாரமே ஒதுக்கின வார்த்தை. அவருக்கு அது ஊரோடு ஒத்து, உதவி செய்து வாழ்வது. எங்களுக்குக் கடவுளோடு ராசியாவது. ரெண்டும் வேறு வேறு சமாசாரம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்ச் சொல்ல வேண்டும் என்பது 1215-ல் லாத்தரன் பொதுச்சங்கம் போட்ட சட்டம். 'ஆவது' என்று அவர்கள் போட்டதை நாங்கள் 'மட்டும்' என்று படித்துக்கொண்டோம். கடைசித் தேதியில் கரண்ட் பில் கட்டுகிற கும்பல் மாதிரி, ஈஸ்டருக்கு முந்தின வாரம் கோயிலில் க்யூ நிற்கும். பெரிய ஆட்களும் விதிவிலக்கில்லை. 2014 மார்ச் 28-ம் தேதி ரோமாபுரியில் போப் பிரான்சிஸை, பாவசங்கீர்த்தனம் கேட்பதற்காக ஒரு தொட்டி பக்கம் கூட்டிப் போனார்கள். அவர் நேரே இன்னொரு தொட்டிக்குப் போய் முழங்கால் போட்டு, ஒரு சாதாரண சாமியாரிடம் முதலில் தன் பாவத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அந்தச் சாமியாருக்கு எப்படி வேர்த்திருக்கும்!

என் லிஸ்ட் வருஷா வருஷம் ஒன்றுதான். பொய், கோபம், ஞாயிறு பூசைக்கு மட்டம், கெட்ட எண்ணம். 'பேலன்ஸ் ப்ராட் ஃபார்வர்ட்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

2025 மார்ச் கடைசி வாரம். புதுச்சேரியில் ஒரு கோயில். வழக்கமான லிஸ்ட்டை எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஒப்பித்துவிட்டு மன்னிப்புக்காகத் தலையைக் குனிந்தேன். (உள்ளே நடந்ததைச் சாமியார் உயிரே போனாலும் வெளியே சொல்லக் கூடாது. நான் சொல்லலாம். சட்டம் என் பக்கம்.)

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல். "யார்கூடயாவது பேசாம இருக்கியாப்பா?"

இது சிலபஸ்ஸிலேயே கிடையாது.

"அண்ணன்கூட, சாமி."

"எவ்ளோ நாளா?"

"ஆறு வருஷம். அவர்தான் சாமி..." என்று ஆரம்பித்தேன். அப்பா விட்டுப்போன வீடு, அதை விற்ற பணம், என் பங்கில் குறைந்த நாற்பதாயிரம், கேட்டதற்கு அவர் பதிலே சொல்லாதது. டெபிட், கிரெடிட் எல்லாம் விரல் நுனியில் இருந்தது. பொறுமையாகக் கேட்டார்.

"அவன் பாவத்தை நான் கேக்கலியே" என்றார்.

எங்கள் ஊரில் மனஸ்தாபம் என்றால் சண்டை. 'ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம், பேச்சுவார்த்தை இல்லை' என்பார்கள். கோயில் பாஷையில் அதே வார்த்தைக்கு, செய்த பாவத்துக்காக வருத்தப்படுவது என்று அர்த்தம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிற ஜெபத்துக்கே உத்தம மனஸ்தாப மந்திரம் என்று பெயர். முதல் வகை என்னிடம் ஆறு வருஷ ஸ்டாக் இருந்தது.

அபராதமாகப் பத்து அருள்நிறை மந்திரம் கிடைக்கும் என்று நினைத்தேன். "போய்ப் பாத்துட்டு வா. பஸ்ல போறப்ப மத்தேயு அஞ்சாம் அதிகாரம் வாசி" என்றார். அண்ணன் இருப்பது மரக்காணத்தில், ஒரு உப்பளத்தில் மேஸ்திரி. புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். ஆறு வருஷத்தில் நான் போகாத தூரம்.

திங்கட்கிழமை, மார்ச் 31. நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு வருஷத்திலேயே மோசமான நாள். அன்றைக்கென்று ரம்ஜான். கோட்டக்குப்பத்தில் புதுச் சட்டையும் அத்தர் வாசனையுமாகத் தெருவே நிறைந்து, பஸ் ஊர்ந்தது. அவர்கள் நோன்பை முடித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் இருபது நாள் பாக்கி.

மத்தேயுவைப் பிரித்தேன். 13-ம் வசனம் உப்பு. சாரம் போன உப்பு மிதிபடத்தான் லாயக்கு என்கிற இடம். பத்து வசனம் தள்ளி 23, 24-ல், காணிக்கையோடு பீடத்துக்கு வந்த பிறகு சகோதரனுக்கு உன் மேல் குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்கிறார் இயேசு. இருபது வருஷமாகக் காதில் விழுந்த வசனம்தான். உனக்கு அவன் மேல் குறை இருந்தால் என்றுதான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் நேர் மாறாக அச்சாகியிருந்தது. அச்சுப்பிழையோ என்றுகூட ஒரு விநாடி பார்த்தேன்.

அனுமந்தை தாண்டினால் காற்றிலேயே உப்பு தெரிய ஆரம்பிக்கும். ஆந்திராவிலிருந்து வருகிற பக்கிங்காம் கால்வாய் மூச்சு வாங்கி ஓய்கிற இடம் மரக்காணம். கழுவெளி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவே ஆயிரக்கணக்கான ஏக்கர் பாத்திகள். 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் இந்தப் பக்கமாகத்தான் கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டி மழை. டி.வி.யில் மரக்காணம், மரக்காணம் என்று மணிக்கு நாற்பது தடவை சொன்னார்கள். உப்பளம் மொத்தமும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதை நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். போன் கையில்தான் இருந்தது. நம்பர் மனப்பாடம். பண்ணவில்லை.

இது லிஸ்ட்டில் இல்லாத ஐட்டம் என்பதை பஸ்ஸில்தான் கவனித்தேன்.

அண்ணன் பாத்தி நடுவே நின்றிருந்தார். கறுத்து, இளைத்து, அப்பா மாதிரியே ஆகியிருந்தார். வரப்பில் நின்ற என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

"செருப்ப கழட்டிட்டு வா" என்றார். ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல் டயலாக்.

அவர் பாட்டுக்கு வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மழை முடிந்ததும் தேங்கின தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, களிமண் தரையை ஆட்கள் வரிசையாக நின்று காலாலேயே மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டுமாம். தரை இளகியிருந்தால் உப்போடு சேறும் வரும். ஜனவரியில் முடிய வேண்டியது, புயலால் அந்த வருஷம் லேட். கோடியில் ஏழெட்டுப் பேர் அப்போதும் மிதித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்துப் பாத்திகளில் மட்டும் உப்பு விழ ஆரம்பித்திருந்தது. இருபத்தைந்து டிகிரியில் உப்பு இறங்குமாம். முப்பதை நெருங்கினால் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டுமாம்.

"ஏன், அதுலயும் உப்பு இருக்குமே?" என்றேன், வேஸ்ட்டேஜ் பிடிக்காத காமர்ஸ்காரனாக.

"கசப்பு. மக்னீசியம். ஆசைப்பட்டு வச்சிருந்தா மொத்த உப்பும் கசந்துபோவும்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தோம். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்த வசனம். "அண்ணே, பழசையெல்லாம் மறந்துடலாம். நான் மன்னிச்..."

"உன்ன மன்னிச்சு ரெண்டு வருஷம் ஆவுதுடா" என்றார் அண்ணன்.

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "அம்மா ஆஸ்பத்திரில கெடந்துச்சே, பதினோரு நாளு. தெனமும் வாசல பாத்துச்சு. உனக்கு இயர் எண்டிங். அண்ணிதான் அள்ளிக் கொட்டினா. பீஸு, மருந்து, ஆம்புலன்ஸு... அந்தக் கணக்க உன்கிட்ட காட்டணும்னு எனக்குத் தோணல. நீ கணக்கு கேட்ட. எனக்குக் கோவம் வந்துச்சு. அப்புறம் போன தவக்காலத்துக்கு முந்துன தவக்காலத்துல சாமியார்கிட்ட சொல்லி, விட்டுட்டேன்."

2019 மார்ச். நான் போனேன், ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் தடவை போனபோது அம்மாவைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். ஆறு வருஷமாக நாற்பதாயிரம் எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, லெட்ஜரில் ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைத்திருந்த பி.காம். நான்.

வெறுங்காலில் உப்பு குத்தியது. 'மன்னிச்சிடுண்ணே' என்று சொன்னதாகத்தான் ஞாபகம். சத்தம் வந்ததா தெரியவில்லை. அவர், "வெயில்ல நிக்காத, உனக்கு ஒத்துக்காது, வா" என்று முன்னே நடந்தார்.

அண்ணி, "வாங்க தம்பி" என்றதோடு சரி. ஏன் வரவில்லை, எதற்கு வந்தாய், ஒன்றும் கேட்கவில்லை. சோறும் மீன் குழம்பும் போட்டார்கள். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். வாய் திறக்க எனக்கு என்ன யோக்கியதை? அண்ணன்தான், "உப்பளத்துல இருக்கோம்னு அளவில்லாம போடுவியா?" என்று சத்தம் போட்டார். "நீங்கதான வாரிக் குமிக்கிறீங்க" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. ஆறு வருஷம் கழித்து ஒரு வீட்டுச் சண்டையைக் காதால் கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா!

கிளம்பும்போது ஒரு பை நிறையக் கல்லுப்பு கொடுத்தார்கள். பாட்டி சொல்வாள், அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தின்போது குழந்தை நாக்கில் துளி உப்பு வைப்பார்களாம். நான் பிறப்பதற்குள் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

"ஈஸ்டருக்குக் குடும்பத்தோட வந்துடு" என்றார் அண்ணன், பஸ்ஸைப் பார்த்தபடி.

பை கசிந்து பேன்ட்டெல்லாம் ஈரம். கண்டக்டர், "என்னா ஸார், உப்பா? சீட்டுல வைக்காதீங்க, துருப்புடிச்சிரும்" என்றார். மடியில் வைத்துக்கொண்டேன். நாற்பதாயிரத்தைப் பற்றி அண்ணனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன, கோட்டக்குப்பம் வருகிற வரைக்கும் அதில் ஆஸ்பத்திரிச் செலவு போக மீதி எவ்வளவு இருக்கும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அடுத்த தடவை அந்தச் சாமியாரிடம் இதையும் சொல்ல வேண்டும்.