கடல் பொது, சந்து யாருடையது?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவர்களுக்குக் கடல் பக்கத்திலேயே கூட வருகிறது. கண்ணில் படுவதோ மதில் சுவர்கள்தான். தை மாதக் காலை ஒன்றில், கூட்டமில்லாத கரை தேடி ஒரு சந்தில் இறங்கினேன். கோடியில் இரும்புக் கேட். காவலாளி, “பிரைவேட் சார், அடுத்த தெருவுல போங்க” என்றார். அடுத்த தெருவிலும் கேட். மூன்றாவது சந்து ஒரு மீனவக் குப்பத்தின் ஊடே போனது. காயப்போட்ட வலைகளுக்கு நடுவே ஆள் நடக்க இரண்டடி விட்டிருந்தார்கள். அதன் வழியாகத்தான் கடலைப் பார்த்தேன்.

கரையைத் தனியாருக்கு எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. கரைக்குப் போகும் சந்தை அடைத்தாலே போதும். இதை நீதிமன்றம் எப்போதோ புரிந்துகொண்டது. கோவாவில், பணஜிக்கு அருகிலுள்ள வைங்கினிம் கடற்கரைக்கு மக்கள் நடந்துபோன வழியை ஓட்டல் கட்டடம் மறித்த வழக்கில், 2009இல் உச்ச நீதிமன்றம் ஓட்டலின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கடற்கரை போன்ற பொதுச் சொத்துக்கு அரசு அறங்காவலர் மட்டுமே என்பதை அத்தீர்ப்பு வலியுறுத்தியது.

ஆனால், சட்டம் எதிர்த்திசையில் நடக்கிறது. ஊரகக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்றிருந்த வரம்பு, மக்கள்தொகை நெருக்கமான இடங்களில் 50 மீட்டராக 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் சுருங்கிவிட்டது.

‘எல்லோரையும் விட்டால் அமைதி போய்விடும்’ என்கிறார்கள் கேட் வைத்தவர்கள். நான் இதை ஏற்கவில்லை. அன்று அந்தக் குப்பத்தைத் தாண்டி அரை மணி நேரம் நடந்தேன். மணல்மேட்டில் அடப்பங்கொடி ஊதாப் பூவுடன் படர்ந்திருந்தது; ராவணன் மீசைப் புல்லின் கதிர் காற்றில் உருண்டது; நண்டு வளைகளின் வாசலில் ஈர மணல் உருண்டைகள். இங்கேதான் பங்குனி ஆமை இரவில் ஏறி முட்டையிடும். பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் ஊரும். சொகுசு விடுதியின் விளக்கு எரிந்தால் கடலை விட்டு விளக்கைத் தேடிப் போய்ச் சாகும். மேட்டைச் சமன்செய்து புல்தரை போடுவதும் இரவெல்லாம் விளக்கெரிப்பதும் மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள்தான். நடந்து வருகிறவன் விட்டுப்போவது காலடித் தடம். அவன் குப்பையும் போடுகிறான் என்பது உண்மை. அதற்குத் தொட்டி வைக்கலாம், கேட் வைக்கக் கூடாது.

வருவாய்த் துறையின் புலப்படங்களில் கரைக்குப் போகும் பாதைகள் எவையெவை என்று மாவட்ட நிர்வாகம் கிராமம் கிராமமாகப் பார்க்க வேண்டும். பொதுப்பாதை என்று பதிவானதன் குறுக்கே நிற்கும் கேட்டை அகற்றி, சாலை முனையில் ‘கடற்கரைக்கு வழி’ என்று தமிழில் பலகை நட வேண்டும். மார்கழி பிறந்தால் அடுத்த ஆமைப் பருவம் தொடங்கிவிடும். கரையோரத்து விளக்குகளை இரவில் அணைக்கச் சொல்லும் உத்தரவும் அதற்குள் வர வேண்டும்.