தெலுங்கு ஆகாதா, அண்ணாச்சி?

தன்முனைக் கவிதை எழுதுகிறவர்களைச் சுந்தரபாண்டியம் கூட்டத்தில் ஒரே மூச்சில் வறுத்தெடுத்துவிட்டார் நம் அண்ணாச்சி. பேர் வேண்டாம், கேட்டவர்களுக்குத் தெரியும். இது தெலுங்கிலிருந்து வந்த சரக்காம். தமிழ் யாப்பில் இதற்கு இடமே கிடையாதாம். பன்னிரண்டு சொல்லை அடுக்கினால் கவிதை என்றால் பலசரக்குக் கடைச் சிட்டையும் கவிதைதானாம். கைதட்டல் பலமாக விழுந்தது. தட்டியவர்களில் பலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதுதான் வேடிக்கை.

தெலுங்குச் சரக்கு என்பது மெய்தான், யார் ஒளித்தார்கள்? ஆச்சார்ய என். கோபி 1997இல் தொடங்கிய வடிவம் 'நானீலு': நான்கு வரி, 20 முதல் 25 எழுத்து. அதைத் தமிழுக்கு ஏற்ப மாற்றித் தன்முனை என்ற பேரில் 2017இல் இங்கே கொண்டுவந்தவர் கா.ந. கல்யாணசுந்தரம். நம்மிடம் எழுத்துக்கணக்கு இல்லை. வரிக்கு மூன்று சொல்லைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு 'தெலுங்கு ஆகாது' என்று சொல்ல ஒருவருக்கு எப்படி வாய் வந்தது? இந்த ஊர் ஆண்டாளின் கதையைத்தான் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் 'ஆமுக்தமால்யத' என்று பாடினார். நம்மூர்ப் பெண்ணின் கதை அங்கே போகலாம், அங்கிருந்து நான்கு வரி இங்கே வரக் கூடாதா? ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழுமாக எத்தனையோ தலைமுறை ஓடிவிட்டது. இரண்டு மொழியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஹைக்கூவை மட்டும் அண்ணாச்சி விட்டுவிட்டார், கவனித்தீர்களா? ஜப்பானியக் கவிதையைப் பற்றி 1916லேயே பாரதி சுதேசமித்திரனில் எழுதிவிட்டார். அதனால் அதன்மேல் கை வைக்கப் பயம்.

யாப்பில் இடம் இல்லையாம். தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணிச் சொல்லும் எட்டு வனப்புகளில் 'விருந்து' என்று ஒன்று உண்டு. புதிதாகப் புனையும் யாப்புக்கென்றே ஒதுக்கியது. தமிழாசிரியராக இருந்தவருக்கு இது தெரியாமல் இராது. தேர்வில் கேட்க மாட்டார்கள் என்று தாண்டிப் போயிருப்பார். பெரியாழ்வார் தாலாட்டையும் அம்புலி அழைப்பதையும் பாசுரமாக்கியபோது எந்தப் புலவரிடம் அனுமதி கேட்டார்? பிள்ளைத்தமிழுக்கு வேர் அங்கேதான் என்று இன்று பாடம் நடத்துகிறோம்.

சிட்டை விஷயத்துக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். தன்முனையில் முதல் இரண்டு வரி ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டும் அதோடு ஒட்டியோ முரணியோ நிற்க வேண்டும். அந்தத் திருப்பத்தில்தான் ஆள் சறுக்கி விழுவான். அண்ணாச்சிக்காகவே ஒன்று எழுதிப் பார்த்தேன்:

ஆடிப்பூரத் தேர் நகர்கிறது
வடத்தில் ஆயிரம் கை
வேகம் போதாதென்கிறவர் மட்டும்
திண்ணையிலேயே இருக்கிறார்

கடைசி வரி முதலில் 'வெட்கமில்லாமல் திண்ணையில் இருக்கிறார்' என்று இருந்தது. சொற்கணக்கு இடிக்கவில்லை. ஆனால் 'வெட்கமில்லாமல்' என்பது நான் திட்டுவது. திண்ணையே திட்டட்டும் என்று அதை எடுத்துவிட்டேன். சிட்டை எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை ஏது? பருப்பும் புளியும் எந்த வரிசையில் இருந்தாலும் கடைக்காரர் கட்டிக் கொடுத்துவிடுவார்.

இதைப் பெரிய கவிதை என்று நான் கொண்டாடவில்லை. மோசமான தன்முனைகள் ஏராளம். பாதிக்கு மேல் உபதேசம், மிச்சத்தில் அம்மாவும் மழையும். அந்தக் குவியலில் இருந்து பொறுக்கியதைத்தான் அண்ணாச்சி மேடையில் படித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார். அதே நியாயத்தில் வெண்பாவையும் நிறுத்துப் பார்க்கலாமா? கல்யாண வாழ்த்து மடலிலும், ஓய்வுபெறும் தலைமையாசிரியருக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்துப்பாவிலும் தளை தட்டாமல் செத்துக் கிடக்கும் வெண்பாக்களை அடுத்த கூட்டத்துக்கு நான் எடுத்து வரட்டுமா? தேடி அலைய வேண்டியதில்லை. நான்கைந்து என்னிடமே பத்திரமாக இருக்கின்றன, அடியில் அண்ணாச்சியின் கையெழுத்தோடு.