அண்டர்-12 கப்பு யாருக்கு சார்?

கொஞ்சம் காரமான பதிவு இது. ஞாயித்துக்கிழமை காலங்காத்தால பையனையோ பொண்ணையோ வண்டியில உக்கார வெச்சு கோச்சிங் கூட்டிட்டுப் போற அப்பா அம்மாக்களுக்கும், கழுத்துல விசில் மாட்டிக்கிட்டு நிக்கிற கோச்சுங்களுக்கும் படிச்சா கோவம் வரும். வரட்டும், பரவாயில்லை.

நம்ம ஊர்ல நல்லா விளையாடற பசங்க ஏன் பாதியில காணாமப் போறாங்கன்னு கேட்டா, ரெடிமேட் பதில் வெச்சிருக்கோம். கிரவுண்டு இல்ல, காசு இல்ல, செலக்‌ஷன்ல அரசியல். எல்லாம் நிஜம்தான், மறுக்கலை. ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி முதல் குத்தவாளி நம்ம அவசரம். இருபது வயசுல தானா பழுக்க வேண்டியதைப் பத்து வயசுல கார்பைட் கல்லு போட்டுப் பழுக்க வெக்கிறோம். மேல பாத்தா மஞ்சளா மினுங்கும். கடிச்சா சப்புன்னு இருக்கும். அப்புறம், 'பையனுக்குத் திறமை பத்தலை'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறோம்.

நாலு வயசு மாரத்தான்

புதியா சிங் ஞாபகம் இருக்கா? 2006 மே மாசம். ஒடிசாவுல நாலு வயசுப் பையன் ஒருத்தன் புரியிலேருந்து புவனேஸ்வர் வரைக்கும் 65 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் ஓடினான். டிவிக்காரங்க வண்டி கட்டிக்கிட்டுப் பின்னாடியே போனாங்க. நாடே கை தட்டுச்சு. குழந்தைங்க நலத்துறையும் டாக்டர்களும் இது ஆபத்துன்னு சத்தம் போட்ட பிறகுதான் மாநில அரசு தடை போட்டுச்சு. பிறகு அரசு விளையாட்டு விடுதியில சேர்த்தாங்க. 2016ல அவன் கதை இந்தியில படமாவும் வந்துச்சு. ஆனா எந்த ஒலிம்பிக்ஸ் மாரத்தானுக்காக அவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணாங்களோ, அந்த ஸ்டார்ட்டிங் லைன்ல அவன் நிக்கவே இல்லை.

அந்தக் கோச்சு கெட்டவரா? அப்படி ஈஸியா சொல்லிட முடியாது. சோத்துக்கே வழியில்லாம கிடந்த குழந்தையை எடுத்து வளர்த்தவர் அவர். அன்பு இருந்துச்சு, கூடவே அவசரமும் இருந்துச்சு. கெட்டவன் செய்யற கொடுமையை அடையாளம் கண்டுபிடிச்சிடலாம். பாசத்தோட செய்யற கொடுமையைத்தான் யாரும் கொடுமைன்னே ஒத்துக்க மாட்டாங்க.

புதியாவைப் பாத்து 'அய்யோ பாவம்'னு சொன்ன நாமதான் நம்ம வீட்டுப் பிள்ளையைக் காலைல அஞ்சு மணிக்கு நெட்ஸ், அப்புறம் ஸ்கூல், சாயங்காலம் ஃபிட்னஸ், ராத்திரி டியூஷன்னு ஓட்டறோம். தூரம்தான் வேற.

வலிக்குதுன்னா நடிப்பு இல்லை

வளர்ற பசங்க எலும்பு முனையில குருத்தெலும்பால ஆன வளர்ச்சித் தட்டு இருக்கும். சுத்தி இருக்கற எலும்பை விட அது பலம் கம்மி. டீன் ஏஜ் முடியற சமயத்துலதான் அது மூடி கெட்டியாகும். அதுக்குள்ள ஒரே அசைவைத் தினமும் நூத்துக்கணக்குல திருப்பித் திருப்பிச் செஞ்சா என்ன ஆகும்? முட்டிக்குக் கீழ புடைச்சுக்கிட்டு வலிக்கும், குதிகால் வலிக்கும், வேகமா பந்து போடற பையனுக்குக் கீழ்முதுகு எலும்புல விரிசல் விழும். இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இந்த முதுகு விரிசல் வர்றது உலகம் பூரா தெரிஞ்ச விஷயம்.

அமெரிக்காவுல சின்னப் பசங்க பேஸ்பாலுக்கு 2007லேருந்து கணக்கு வெச்சிருக்காங்க. 11, 12 வயசுப் பையன் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல வீசக்கூடாது. அத்தோட முடிஞ்சுது, கோச்சு கெஞ்சினாலும் கிடையாது. நம்ம ஊரு அகாடமியில ஒரு பையன் நெட்ஸ்ல ஒரு நாளைக்கு எத்தனை பந்து போடறான்னு யாராவது எண்ணிப் பாத்திருக்கோமா? பேட்டிங் பண்ற பையனோட அப்பா ஃபீஸ் கட்டியிருக்கார், அதனால பவுலர் போட்டுக்கிட்டே இருக்கணும். அவன் 'முதுகு வலிக்குது சார்'னா, 'சும்மா நடிக்காதடா, ரெண்டு ரவுண்டு ஓடு'. இது பயிற்சியா?

மீசை முளைச்ச பையனும் முளைக்காத பையனும்

பதிமூணு வயசுல ஒரே வகுப்புல படிக்கற ரெண்டு பையன்களைப் பக்கத்துல நிக்க வெச்சுப் பாருங்க. ஒருத்தனுக்கு மீசை அரும்பி, தோள் விரிஞ்சு, குரல் உடைஞ்சிருக்கும். இன்னொருத்தன் இன்னும் குழந்தையா இருப்பான். வயசு ஒண்ணுதான், உடம்பு ரெண்டு மூணு வருஷம் முன்ன பின்ன. யாரை எடுப்பாங்க? மீசைக்காரனைத்தான். ஏன்னா அண்டர்-14 கப்பு இந்த வருஷமே வேணும். மத்தவன் பதினேழு வயசுல வளர்ந்து வந்து நிக்கும்போது விளையாட்டையே விட்டுப் போய் மூணு வருஷம் ஆகியிருக்கும்.

இதோட அடுத்த கட்டம்தான் வயசுத் திருட்டு. பர்த் சர்டிபிகேட்ல ரெண்டு வருஷத்தைக் குறைக்கறது. பிசிசிஐ மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசைப் பாக்கற அளவுக்கு முத்திப்போன வியாதி இது. 2015ல பட்டோடி நினைவுச் சொற்பொழிவுல ராகுல் டிராவிட் இதை ரொம்பக் கடுமையாப் பேசினார். வயசைக் குறைச்சுக் காட்டறது மேட்ச் ஃபிக்ஸிங்குக்குச் சமம்ங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். யோசிச்சுப் பாருங்க, அப்பாவும் கோச்சும் சேர்ந்து பையனுக்குச் சொல்லித்தர்ற முதல் பாடமே திருட்டு. அந்த இடத்துல நியாயமா நின்னிருக்க வேண்டிய நிஜமான பன்னெண்டு வயசுப் பையன் வீட்டுல அழுதுக்கிட்டு இருப்பான்.

அடுத்த படி என்னன்னும் பாத்தாச்சு. 2023 செப்டம்பர்ல டெல்லி மாநில தடகளப் போட்டி நடந்துச்சு. ஊக்கமருந்து சோதனை பண்றவங்க வந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் பாதிப் பேர் எஸ்கேப். ஆண்கள் 100 மீட்டர் ஃபைனல்ல ஓடினது ஒரே ஒருத்தர்! ஸ்டேடியம் கழிவறையில ஊசி சிரிஞ்சுங்க கிடந்த வீடியோ வந்துச்சு. மாநிலப் போட்டிங்க இது, ஒலிம்பிக்ஸ் இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையோட 2023 கணக்குப்படி, 5000 சாம்பிளுக்கு மேல சோதிச்ச நாடுகள்ல நம்ம நாட்டுக்குத்தான் முதலிடம், 3.8 சதவீதம். அந்த ஊசி ஒரே நாள்ல வரலை. பத்து வயசுல 'எப்படியாவது ஜெயிச்சுட்டு வா'ன்னு சொன்னோமே, அந்த 'எப்படியாவது'தான் வளர்ந்து அங்க போய் நிக்குது.

லேட்டா வந்தா வரக்கூடாதா?

'பதினாலு வயசுல டிஸ்ட்ரிக்ட் டீம்ல இல்லன்னா அவ்ளோதான் சார்'ங்கற கோச்சுங்களுக்கு ரெண்டு பேரை ஞாபகப்படுத்தறேன்.

வருண் சக்கரவர்த்தி. பதினேழு வயசு வரைக்கும் விக்கெட் கீப்பர், ஒண்ணும் தேறலை. விட்டுட்டு ஆர்க்கிடெக்சர் படிச்சு வேலை பாத்தார். இருபத்தஞ்சை நெருங்கும்போது மறுபடி கிரிக்கெட்டுக்கு வந்து, மீடியம் பேஸ் போட்டு, முட்டியில அடிபட்டு, ஸ்பின்னுக்கு மாறினார். 2018 டிஎன்பிஎல்ல கலக்கினார். 2025ல சாம்பியன்ஸ் டிராபி ஜெயிச்ச டீம்ல இருந்தார்.

நடராஜன். சேலம் பக்கத்துல சின்னப்பம்பட்டி. இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பால்தான். 2020-21 ஆஸ்திரேலியா டூர்ல நெட் பவுலராப் போய், ஒரே டூர்ல மூணு ஃபார்மட்லயும் இந்தியாவுக்கு ஆடினார்.

நம்ம அண்டர்-12 சல்லடையில போட்டா ரெண்டு பேரும் கீழ விழுந்திருப்பாங்க. இன்னும் எத்தனை பேர் விழுந்தாங்களோ, அவங்க பேரு நமக்குத் தெரியவே தெரியாது.

'குகேஷோட அப்பா டாக்டர் தொழிலையே நிறுத்தி வெச்சுட்டுக் கூடப் போகலையா'ன்னு கேப்பீங்க. போனார். பையன் ஏழு வயசுல ஸ்கூல்ல கத்துக்கிட்டு, அவனுக்கு வெறி பிடிச்ச பிறகு, அந்த வெறிக்குப் பின்னாடி இவர் போனார். முன்னாடி நின்னு இழுக்கலை. அவரோட கோச்சும் கிராண்ட்மாஸ்டர் ஆகற வரைக்கும் கம்ப்யூட்டர் எஞ்சின் பக்கமே விடாம சொந்த மூளையால யோசிக்க வெச்சார்னு எல்லாருக்கும் தெரியும். வைஷாலியை செஸ்ல சேர்த்ததே டிவி பாக்கறதைக் குறைக்கத்தான், அக்காவைப் பாத்துத்தான் பிரக்ஞானந்தா வந்தார். நீரஜ் சோப்ராவை வீட்டுல கிரவுண்டுக்கு அனுப்பினது உடம்பு இளைக்கறதுக்கு! கதவைத் தொறந்து விட்டது வீட்டுக்காரங்க, உள்ள ஓடினது குழந்தைங்க.

தடகளத்துல நாம எங்கயோ இருக்கோம், நார்வேக்காரன் என்ன பண்றான்னு பாருங்க. வெறும் 55 லட்சம் ஜனம். குழந்தைங்க விளையாட்டுக்குன்னு 1987லேயே தேசிய அளவுல விதி போட்டுட்டாங்க. பதினோரு வயசுக்கு முன்ன ரேங்க் லிஸ்ட் கிடையாது. பதிமூணுக்கு முன்ன தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. உருப்படுவானுங்களான்னு கேப்போம். 2018 குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல 39 பதக்கம், 2022ல 16 தங்கம், ரெண்டுமே அப்போ சாதனை. 'பனி பெய்யற ஊரு, ஜெயிக்கிறான்'ங்கறீங்களா? டோக்கியோவுல 400 மீட்டர் தடை ஓட்டத்தை 45.94 செகண்டுல ஓடின வார்ஹோம் அந்த ஊர்க்காரர்தான். அவர் 2013ல, பதினேழு வயசுல, ஓட்டம், தாண்டுதல், எறிதல்னு எட்டுப் போட்டி சேர்ந்த ஆக்டத்லான்ல உலக யூத் சாம்பியன். அந்த வயசு வரைக்கும் எல்லாத்தையும் விளையாட விட்டிருக்காங்க சாமி!

பத்தாங்கிளாஸ் பூட்டு

நம்ம ஊர்ல இன்னொரு விசேஷம். ஒம்பதாங்கிளாஸ் வரைக்கும் 'ஓடு ஓடு'ன்னு விரட்டின அதே அப்பா, பத்தாங்கிளாஸ் வந்ததும் 'விளையாட்டெல்லாம் மூட்டை கட்டு'ன்னு ஷூவைப் பரண்ல தூக்கிப் போடுவார். பொண்ணா இருந்தா வயசுக்கு வந்த அன்னிக்கே பரண். ஸ்கூல்ல பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தரவே மாட்டார். அப்புறம் ப்ளஸ் டூ முடிஞ்சதும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு சர்டிபிகேட் மட்டும் வேணும். முன்னாடி அவசரம், பின்னாடி பூட்டு. நடுவுல அந்தப் புள்ளைக்கு விளையாட்டு ஒரு நாளாவது அதுக்கு சொந்தமா இருந்துச்சா?

சரி, திட்டிட்டே இருந்தா ஆச்சா? என்ன செய்யணும்னு நான் நினைக்கறதையும் சொல்லிடறேன்.

பெத்தவங்களுக்கு:

1. பவுண்டரி லைன்ல நின்னு கத்தாதீங்க. 'பேக் ஃபுட் போடா'ன்னு நீங்களும், 'ஃப்ரண்ட் ஃபுட்'னு கோச்சும் கத்தினா அவன் எந்தக் காலை எடுப்பான்?

2. தோத்துட்டு வர்ற பிள்ளைகிட்ட வண்டியில திரும்பி வரும்போது மேட்ச்சைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. 'பசிக்குதா? பரோட்டா சாப்பிடலாமா?' போதும். அவனுக்கே தோணும்போது அவனே பேசுவான்.

3. வாரத்துல ஒரு நாள் முழு ஓய்வு. வருஷத்துல ரெண்டு மாசமாவது அந்த விளையாட்டு இல்லாம வேற ஏதாவது. கபடி, நீச்சல், மரம் ஏறறது, எதுவா இருந்தாலும் சரி.

4. கோச்சு தெய்வம் இல்லை. 2021ல சென்னையில பேரெடுத்த தடகளக் கோச்சு ஒருத்தர் போக்சோ சட்டத்துல கைதானது மறந்துடக்கூடாது. பயிற்சியை வந்து பாக்கக்கூடாதுன்னு எந்தக் கோச்சாவது சொன்னா, அன்னிக்கே புள்ளையைக் கூட்டிட்டு வந்துடுங்க. புள்ளை 'போகமாட்டேன்'னு சொன்னா, அடிக்காம ஏன்னு கேளுங்க.

கோச்சுங்களுக்கு:

1. பதினாலு வயசுக்குள்ள எல்லாப் பசங்களையும் ஆட விடுங்க. தண்ணி பாட்டில் தூக்கறதுக்கு எந்த அப்பாவும் ஃபீஸ் கட்டலை.

2. பந்து எண்ணுங்க, ஓட்டம் எண்ணுங்க, ஒரு நோட்டுல எழுதுங்க. வலின்னு சொன்னா நிறுத்துங்க.

3. கை நீட்டாதீங்க. 'அந்தக் காலத்துல எங்க மாஸ்டர் அடிச்சுத்தான்...'னு ஆரம்பிக்காதீங்க. அடி தாங்காம ஓடிப்போன பசங்க உங்க கதையில வர மாட்டாங்க, அவ்ளோதான்.

எல்லாக் கோச்சும் இப்படி இல்லைன்னு தெரியும். ரியோவுல 2016ல தங்கம் வாங்கின மாரியப்பனை உயரம் தாண்டுன்னு முதல்ல தட்டிக் கொடுத்தது அவரோட ஸ்கூல் பி.டி. மாஸ்டர்தான். கால் ஊனமான பையன்கிட்ட என்ன முடியும்னு பாத்த மனுஷன். அந்த மாதிரி வாத்தியாருங்க ஊருக்கு ஒருத்தர் எங்கேயோ சத்தமில்லாம இருக்கத்தான் செய்யறாங்க. அவங்களுக்குக் கப்பு கணக்கு கேக்காத ஹெட்மாஸ்டரும், அவசரப்படுத்தாத அப்பா அம்மாவும் கிடைச்சாப் போதும்.

ஆயிரம் பசங்க விளையாடினா ஒருத்தன் இந்தியாவுக்கு ஆடறதே பெரிசு. மிச்சம் 999 பேர் என்ன ஆகணும்? நாப்பது வயசுலயும் ஞாயித்துக்கிழமை ஷூ மாட்டிக்கிட்டு ஆசையா கிரவுண்டுக்குப் போற மனுஷங்களா ஆகணும். அதை அவங்ககிட்டேருந்து பன்னெண்டு வயசுலேயே பிடுங்கிட்டு, ஷோகேஸ்ல ஒரு பித்தளைக் கப்பை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?

அடுத்த ஞாயிறு மேட்ச்சுக்குப் போறீங்கல்ல, ஒரே ஒரு மேட்ச் வாயைத் தொறக்காம உக்காந்து பாருங்க. உங்க பிள்ளை எத்தனை தடவை உங்க மூஞ்சியைத் திரும்பிப் பாக்குதுன்னு மட்டும் எண்ணுங்க. மீதியை அந்த எண்ணிக்கையே உங்களுக்குச் சொல்லும்.

பி.கு: 'உனக்கு என்னய்யா தெரியும், நீ என்ன ஒலிம்பிக்ஸ் ஆடினியா'ன்னு கேக்கப் போறவங்களுக்கு: ஆடலை. ஆனா கிரவுண்டு ஓரமா நிக்கிற பசங்க கண்ணைப் பாக்க ஒலிம்பிக்ஸ் மெடல் தேவையில்லைங்க.