பெயரை வெட்டாதீர்கள், பிரியுங்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பொறுமையாகப் படித்து, உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக வந்துவிட்டது. எங்கே நடத்தினாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். மாறிகள், இஃப், லூப், லிஸ்ட், ஃபங்ஷன். நல்லது. ஆனால் ஒரு ஃபைலின் பெயர், அது இருக்கும் பாதை, அதையே மாட்யூலாக அழைக்கும்போது அதற்கு வரும் பெயர் ஆகிய மூன்றையும் யாரும் பாடமாக எடுப்பதில்லை. "அது தானா வந்துடும் சார்" என்கிறார்கள்.

வராது. மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் என்னிடம் படிக்க வருகிறார்கள். லூப் புரியாமல் நின்றுபோனவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. "அப்படி ஒரு ஃபைல் இல்லை", "அப்படி ஒரு மாட்யூல் இல்லை" என்று திரையில் வரும் சிவப்பு எழுத்தைப் பார்த்து, "இது நமக்கு வராது தாத்தா" என்று எழுந்து போகிற பிள்ளைகளைத்தான் பார்க்கிறேன். ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. வீட்டில் கேட்க ஆள் உள்ள பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஆள் இல்லாத பிள்ளை தனக்கு அறிவு போதாது என்று முடிவுகட்டிவிடும். போனில் மட்டும் புழங்கி வளர்ந்த பிள்ளைக்கு ஃபோல்டர் என்பதே புதிது. இதைத்தான் நாம் முதலில் சரிசெய்ய வேண்டும்.

என் கருத்து இதுதான். பாதை என்பது வெறும் எழுத்துகளின் வரிசை கிடையாது, உறுப்புகள் சேர்ந்த ஒன்று. இதை முதல் மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும். அந்த உறுப்புகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் பைத்தானிலேயே சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் இருக்கின்றன. அவற்றை லூப்புக்கு முன்பே பழக்க வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புது விஷயம் இல்லை. நன்னூல் ஒரு பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஆறு உறுப்பாகப் பிரிக்கிறது. 'படித்தான்' என்பதில் விகுதி எது என்று கேட்டால், கடைசி இரண்டு எழுத்தை வெட்டி 'தான்' என்று எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் போடுவதில்லை. 'ஆன்' என்று உறுப்பு அறிந்து பிரித்தால்தான் போடுகிறோம். ஃபைல் பாதைக்கும் அதே இலக்கணம்தான்.

சில உதாரணங்கள் சொல்கிறேன்.

ஹேப்பி.பிஒய் என்று ஒரு ஃபைல். கடைசியில் உள்ள .பிஒய் என்ற ஒட்டை நீக்கி மாட்யூல் பெயரை எடுக்க வேண்டும். பலரும் ஆர்ஸ்ட்ரிப் என்ற ஃபங்ஷனைத் தேடிப் பிடித்துப் போடுவார்கள். அது ஒட்டை நீக்காது. புள்ளி, பி, ஒய் என்ற மூன்று எழுத்தில் எது கடைசியில் இருந்தாலும் தின்றுகொண்டே போகும். ஹேப்பியின் ஆங்கில எழுத்துகள் எச், ஏ, பி, பி, ஒய். மிஞ்சுவது எச், ஏ மட்டும். மகிழ்ச்சி போய் 'ஹா' மிச்சம்! இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்ததால்தான் 2020-ல் வந்த பைத்தான் 3.9-ல் ரிமூவ்சஃபிக்ஸ் என்று தனியாக ஒரு ஃபங்ஷனையே சேர்த்தார்கள். பாதையாக இருந்தால் இன்னும் எளிது. 2014-ல் பைத்தான் 3.4-உடன் வந்த பாத்லிப்பில் 'ஸ்டெம்' என்று கேட்டால் பெயரும், 'சஃபிக்ஸ்' என்று கேட்டால் ஒட்டும் தனித்தனியாக வந்துவிடும்.

அடுத்தது. /பள்ளி/தேர்வு, /பள்ளி/தேர்தல் என்று இரண்டு ஃபோல்டர். இரண்டுக்கும் பொதுவான இடம் எது? /பள்ளி என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். காமன்பிரிஃபிக்ஸ் என்ற பழைய ஃபங்ஷன் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு /பள்ளி/தேர் என்று சொல்லும். பள்ளிக்கூடத்துக்குள் ஏது தேர்? உறுப்பு உறுப்பாக ஒப்பிடும் காமன்பாத் 2015-ல் பைத்தான் 3.5-ல்தான் வந்தது.

மாட்யூல் பெயரிலும் இதே கதை. 'கல்' என்ற தொகுப்புக்குள் இருக்கும் மாட்யூல்களை மட்டும் எடுக்க வேண்டும். "கல் என்று தொடங்குகிறதா?" என்று கேட்டால் 'கல்வி'யும் ஆமாம் என்று கை தூக்கும். புள்ளி இருக்கும் இடத்தில் பிரித்து, முதல் உறுப்பு 'கல்' தானா என்று கேட்க வேண்டும்.

அந்தப் புள்ளிக்கே இரண்டு வேலை உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பள்ளி.கணக்கு.கூட்டல் என்ற மாட்யூல் பெயரில் புள்ளி என்றால் ஒரு படி உள்ளே. கூட்டல்.பிஒய் என்ற ஃபைல் பெயரில் புள்ளி என்றால் இதற்குமேல் ஒட்டு. இது தெரியாத பிள்ளை, இம்போர்ட் வரியில் .பிஒய் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டு முழிக்கும். 'பாடம்-1' என்று பெயர் வைத்த ஃபைலை இம்போர்ட் செய்ய முடியாததற்கும் காரணம் எளிது. நடுவில் இருக்கும் கோட்டைப் பைத்தான் கழித்தல் குறியாகப் படிக்கிறது. பயிற்சி ஃபைலுக்கு 'ரேண்டம்' என்றே பெயர் வைத்துவிட்டு, ரேண்டம் மாட்யூலை அழைத்தால் தன் ஃபைலையே அது அழைக்கும். இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியவை. சொல்லாவிட்டால் பிள்ளைக்கு ஒரு நாள் போய்விடும்.

சாய்வுக்கோட்டுக்கு வருவோம். யூனிக்ஸில் / , விண்டோஸில் \ . ஏன் இந்த வேறுபாடு? 1981-ல் வந்த எம்எஸ் டாஸ் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது. கட்டளைகளுக்கான தெரிவுகளைச் சொல்ல / குறியை எடுத்துக்கொண்டார்கள். 1983-ல் இரண்டாம் பதிப்பில் ஃபோல்டர் வந்தபோது அந்தக் குறி மிச்சமில்லை. அதனால் \ வந்தது. பைத்தானிலோ \ குறிக்கு வேறு பொருளும் உண்டு. அதற்கு அடுத்து ஆங்கில என் எழுத்து வந்தால் புது வரி, டி வந்தால் டேப். 'நியூ' என்ற ஃபோல்டரைத் திறக்கப் பார்த்த பிள்ளைக்குப் பாதை இரண்டு வரியாக உடைந்துபோகிறது.

"விண்டோஸிலும் / போட்டால் பைத்தான் ஏற்றுக்கொள்கிறதே, பிறகென்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. சேர்ப்பதற்கு அது பெரும்பாலும் போதும். பிரிப்பதற்கும் ஒப்பிடுவதற்கும் போதாது என்பதற்குத்தான் மேலே இத்தனை உதாரணம்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். இந்த ஃபங்ஷன்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. பாதைகளைச் சேர்க்கும் ஜாயினிடம் /பள்ளி என்பதையும் /தேர்வு என்பதையும் கொடுத்தால் /தேர்வு மட்டும்தான் திரும்ப வரும். இரண்டாவது பாதை வேரிலிருந்து தொடங்குவதால் முதலாவதை அது தூக்கிப் போட்டுவிடும். விதியைப் படித்தவனுக்கு இது ஒழுங்கு. படிக்காதவனுக்கு மாயம்.

இதில் பாதுகாப்பும் இருக்கிறது. இரண்டு புள்ளி வைத்தால் 'ஒரு படி மேலே' என்று பொருள். சுருக்கி அனுப்பிய ஒரு தொகுப்புக்குள் இருக்கும் ஃபைலின் பெயரிலேயே இப்படி மேலே மேலே போகும் பாதையை எழுதி வைத்தால், பிரிக்கும்போது அது நாம் சொன்ன ஃபோல்டருக்கு வெளியே போய் வேறு ஃபைலின் மேல் உட்கார்ந்துவிடும். பைத்தானின் டார்ஃபைல் மாட்யூலில் இந்த ஓட்டை 2007-லேயே சுட்டிக்காட்டப்பட்டது. அதைத் தடுக்கும் வடிகட்டி 2023-ல்தான் சேர்ந்தது. பதினாறு ஆண்டு! பெயரைச் சோதிக்காமல் நம்புவதன் விலை அது.

கடைசியாக நம் மொழி. 2008-ல் வந்த பைத்தான் 3 முதல் மாட்யூலுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். 'இம்போர்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கணக்கு என்று தமிழில் எழுதினால் வேலை செய்யும். பிள்ளைகளிடம் காட்டுங்கள், முகம் மலரும். ஆனால் ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'கொடி' என்பதில் உள்ள கொ யூனிகோடில் இரண்டு வகையில் பதிவாகலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் இருக்கலாம், தனித்தனி இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஒன்றின் நீளம் 4, மற்றதன் நீளம் 5. லினக்ஸில் இரண்டும் வெவ்வேறு ஃபைல். இம்போர்ட் வரியில் எழுதும் பெயரைப் பைத்தான் ஒற்றை வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும், டிஸ்கில் இருக்கும் ஃபைலின் பெயரை மாற்றாது. அதனால் கொடி கண்ணெதிரே பறக்க, "கொடி என்று எதுவும் இல்லை" என்று பதில் வரும். யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இதைச் சரிசெய்யும். இது தெரியாவிட்டால் "தமிழில் பெயர் வைத்தால் வேலை செய்யாது" என்ற தவறான முடிவுக்குப் பிள்ளை போய்விடும். பெரியவர்களே அப்படிச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

"இப்போதெல்லாம் ஏஐ எழுதித் தருகிறதே சார்" என்பவர்களுக்கு ஒன்று. அது எழுதித் தருவதையும் ஒரு ஃபைலில், ஒரு ஃபோல்டரில், ஒரு பெயரில் நாம்தான் சேமிக்கிறோம். அதில் ஆர்ஸ்ட்ரிப் இருந்தால் பிடிக்கவும் நமக்குத்தான் தெரிய வேண்டும்.

ஆசிரிய நண்பர்களிடம் கேட்பது இவ்வளவுதான். முதல் வாரம் ஒரு மரம் வரையச் சொல்லுங்கள், வேரிலிருந்து இலை வரை ஃபோல்டர்கள். இரண்டாம் வாரம் ஒரு பாதையைக் கொடுத்து, பகுபதம் போல உறுப்புகளைப் பிரித்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் பாத்லிப்பில் அதையே செய்து நோட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நான்காம் வாரம் வேண்டுமென்றே பெயரைத் தவறாகக் கொடுத்து, அந்தச் சிவப்பு எழுத்தை உரக்கப் படிக்க வையுங்கள். அதன் பிறகு லூப் நடத்துங்கள். வகுப்பில் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.