பாரிஸ் தட்டில் ஜப்பான்... முக்கூடல் சொதிக்கு இதில் என்ன பாடம்?

பெரிய வெள்ளைத் தட்டு. நடுவில் உள்ளங்கை அளவுகூட இல்லாத மீன் துண்டு. ஓரத்தில் சில சொட்டு சாஸ். ‘இதுக்கா இவ்ளோ காசு?’ பிரெஞ்சு ஃபைன் டைனிங் வீடியோவைப் பார்த்ததும் நமக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான். ஆனால், அந்தச் சின்னத் தட்டுக்குப் பின்னால் ஜப்பானும் இருக்கிறது.

ஜப்பான் உள்ளே வந்த கதை

வெண்ணெய், க்ரீம், கெட்டியான சாஸ். பழைய பிரெஞ்சு விருந்து இப்படித்தான் இருந்தது. 1973-ல் விமர்சகர்கள் ஆன்ரி கோ, கிறிஸ்டியன் மியோ இருவரும் ‘நூவெல் குசீன்’ என்ற புதிய பாணிக்குப் பத்து விதிகளை எழுதினார்கள். அதிகம் வேகவைக்காதே, கனமான சாஸைக் குறை, பொருள் புத்தம் புதிதாக இருக்கட்டும் என்பதே சாரம். போல் பொக்கூஸ் போன்ற செஃப்கள் ஜப்பான் போய்வந்த காலமும் அதுதான். பருவத்துக்கேற்ற பொருளைச் சிறு சிறு பரிமாறல்களாகத் தரும் ‘கைசெகி’ விருந்து பிரெஞ்சு சமையலறையில் தடம் பதித்தது. 2020-ல் கெய் கோபயாஷி, பிரான்ஸில் மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்ற முதல் ஜப்பானிய செஃப் ஆனார்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பாரிஸுக்குப் போன பிறகும் தாஷி தாஷிதான், யூஸு யூஸுதான். பெயர் மாறவில்லை.

நம்ம சாப்பாடு எங்கே நிற்கிறது?

சென்னை ஐடிசி கிராண்ட் சோழாவின் ‘அவர்தனா’, தென்னிந்தியச் சாப்பாட்டைப் பல பரிமாறல் விருந்தாகத் தருகிறது. அங்கே தெளிந்த தக்காளி ரசம் பிரெஞ்சு பிரஸ்ஸில் வரும். நியூயார்க்கின் ‘செம்ம’ வேறு வழி. நத்தம் பகுதியைச் சேர்ந்த செஃப் விஜய்குமார், கிராமத்து நத்தைப் பிரட்டலை அதே பெயரில் மெனுவில் வைத்தார். உணவகத்துக்கு 2022-ல் மிஷெலின் நட்சத்திரம், அவருக்கு 2025-ல் ஜேம்ஸ் பியர்ட் விருது. பிரான்ஸ் நத்தையை ‘எஸ்கார்கோ’ என்றால் ஸ்டைல், நம்ம வயல் நத்தை என்றால் முகச்சுளிப்பு என்றிருந்த நிலைக்கு இது நல்ல பதில்.

அடுத்தது சொதியா?

தாமிரபரணிக் கரையின் முக்கூடல் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் சொதி இல்லாமல் முடியாது. பாசிப்பருப்பு, காய்கறி, இஞ்சிச்சாறு, மூன்று முறை பிழிந்த தேங்காய்ப்பால். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றுவார்கள், கொதிக்க விடமாட்டார்கள். விட்டால் திரிந்துவிடும். பிரெஞ்சு செஃப் சாஸில் வெண்ணெயைக் கடைசியில், தீயைத் தணித்துச் சேர்ப்பதும் இதே எச்சரிக்கையோடுதான். பாரிஸில் அதற்குப் பெயர் டெக்னிக். இங்கே ‘தவசுப்பிள்ளை கைப்பக்குவம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறோம்.

நாளைக்கே சொதி ஏதோ ஒரு நட்சத்திர ஹோட்டலின் சின்னக் கிண்ணத்தில் வரலாம். வரட்டும், தப்பில்லை. ஆனால், அது ‘கோகனட் வெஜிடபிள் ப்ராத்’ என்று வந்தால் நஷ்டம் நமக்கு. சொதி என்ற பெயரும் திருநெல்வேலி என்ற ஊரும் மெனுவில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, பக்குவத்தைக் கற்றுக்கொடுத்த தவசுப்பிள்ளைக்கு ஆலோசகருக்கு உரிய சம்பளம் போக வேண்டும்.

தட்டு எவ்வளவு சிறிதாகவும் இருக்கட்டும். சமைத்துக் காட்டியவர் பெயருக்கு அதில் இடம் வேணும், அவ்வளவுதான்.