முகாம் முடிந்த பிறகுதான் வேலை

கண்மாய்க் கரையில் பதாகை, தொப்பி அணிந்த மாணவர்கள், குழியில் மண் தள்ளும் சிறப்பு விருந்தினர். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றதும் நினைவுக்கு வருவது இந்தப் படம்தான். அடுத்த சித்திரையில் அந்தக் கன்றுகள் என்னவாயின என்று பார்க்க அதே கரைக்கு யாரும் போவதில்லை. இதில் மாணவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர்களுடைய உழைப்பை ஏழு நாளில் மூட்டை கட்டிவிடும் நம் ஏற்பாடுதான் கோணல்.

காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். 100 பேர் கொண்ட ஓர் அலகு என்றால், சிறப்பு முகாம் நீங்கலாகவே 24,000 மணி நேரம். ஒரு கண்மாயைக் கண்ணுக்குக் கண்ணாகக் காக்க இது தாராளம். அதில் எவ்வளவு பேரணியிலும் உறுதிமொழியிலும் விழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதிலும் கரைகிறது என்பதைக் கல்லூரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் கண்மாய்களை அடைத்துக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது மாணவர்களும் அரிவாளோடு இறங்கினார்கள். ஆனால், தரையோடு வெட்டினால் அந்த மரம் சாகாது. தூரிலிருந்து ஒன்றுக்குப் பலவாகத் துளிர்க்கும். வேரோடு பெயர்க்கப் பொக்லைன் வேண்டும். பெயர்த்த பிறகும் கதை முடிவதில்லை. நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதை ஊரெல்லாம் பரவி, ஒரு மழைக்குக் காத்திருக்கிறது. மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, விரலளவு நாற்றாக இருக்கையிலேயே பிடுங்கிவிட்டால் கையாலேயே வந்துவிடும். இரண்டு பருவம் விட்டுவிட்டால் மறுபடியும் பொக்லைன்தான். இயந்திரத்தால் செய்ய முடியாத, ஒப்பந்ததாரர் திரும்பி வந்து செய்யாத இந்த வேலைக்கு அக்கம்பக்கத்துக் கல்லூரி மாணவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். பதாகைக்குச் செலவிடும் முன் கையுறையும் காலணியும் வாங்கித் தர வேண்டும்.

பனை விதைப்புக்கும் காலம் உண்டு. பழம் உதிரும் ஆவணி, புரட்டாசியில் ஊன்ற வேண்டியதைக் கல்லூரி நாட்காட்டி கோடை விடுமுறைக்குத் தள்ளிவிட முடியாது.

இலவச உழைப்பு கிடைக்கிறது என்று தூர்வாரல் முழுவதையும் மாணவர் தலையில் கட்டலாமா என்றால், கூடாது. அது ஊர்க்காரர்களுக்குக் கூலி தர வேண்டிய வேலை. சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் ஒரு கிளையைக்கூடத் தொடுவது முறையல்ல. நாற்றுப் பிடுங்குவது, கன்றுக்கு வேலி கட்டுவது, வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று நடந்து பார்த்து ஊராட்சிக்கு எழுதுவது ஆகியவைதான் தொண்டர்களின் பங்கு.

எனவே, ஒவ்வோர் அலகுக்கும் ஒரு நீர்நிலை என்று பல்கலைக்கழகங்கள் ஒதுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் போகும்போது, அடுத்து வருபவர்களிடம் பதிவேட்டோடு அதை ஒப்படைக்கட்டும். திட்ட அலுவலராக இருக்கும் ஆசிரியருக்கு வகுப்புப் பளுவைக் குறைக்காமல் இது நடக்காது. விடைத்தாள் கட்டுக்கு நடுவே கண்மாய்க்குப் போ என்பது ஏமாற்று. முகாம் அறிக்கையில் ‘எத்தனை கன்று நட்டீர்கள்’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, முந்தைய ஆண்டு நட்டதில் எத்தனை நிற்கின்றன என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் எழுதாத அலகுக்குப் புதிய முகாம் நிதியை நிறுத்தி வைக்கவும் தயங்கக் கூடாது.