சாரல் அடித்தால்தான் எழுத வருமா?

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் போதும், தென்காசிப் பக்கம் கவிஞர்களின் எண்ணிக்கை கூடிவிடும். ஜூனில் சாரல் லேசாகத் தூறியதும் ஐந்தருவிப் படம் ஒன்று, அதன் கீழே மடக்கி மடக்கி நாலு வரி. ஆகஸ்ட் போனதும் தண்ணீர் குறையும், கவிதையும் குறைந்துவிடும். மிச்ச மாதமெல்லாம் என்னய்யா செய்தீர் என்று கேட்டால் "மூடு வரலை", "எழுதுற சூழல் இல்லை" என்று பதில் வருகிறது. (அரியர் வைத்தவனும் இதையேதான் சொல்கிறான் என்பது வேறு விஷயம்.)

இந்தச் 'சூழல்' சமாச்சாரம் சுத்த சாக்கு.

உடனே ரசிகமணியைச் சாட்சிக்கு இழுப்பார்கள். டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தார், ராஜாஜியும் கல்கியும் தேடி வந்தார்கள், கம்பனைப் பாடிக் காட்டினார், அப்படி ஓர் இடம் கிடைத்தால் யாருக்குத்தான் வராது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குற்றாலத்துக்குக் குடிவருவதற்கு முன்பே, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தன் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்களைச் சேர்த்து 'வட்டத்தொட்டி' நடத்தியவர் அவர். அங்கே அருவி ஏது? (ஆறு உண்டு, சரி. நெல்லைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) ஒரு பாட்டை எடுத்து, வாய்விட்டுச் சொல்லி, திரும்பச் சொல்லி, அதிலே என்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டே இருந்த கூட்டம் அது. பேசியது போக மிச்ச நேரத்தில் கடிதம் எழுதினார். யாரும் அச்சுக்குக் கேட்டு எழுதியவை அல்ல அவை. பின்னாளில் புத்தகமாக வந்தன. வக்கீலுக்குப் படித்துவிட்டு அந்தத் தொழிலில் பெரிதாக ஈடுபடாத மனிதர், 1954-ல் சாகிறவரை விடாமல் செய்தது இந்தப் படிப்பும் பேச்சும் கடிதமும்தான்.

அந்த ரசிகமணியைத் தேடி வந்தவர்களில் ஒருவர் கி. ராஜநாராயணன். அவர் ஊர் இடைசெவல். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காடு, மழை வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பள்ளிப் படிப்பையே முடிக்காத விவசாயி. கதை எழுத ஆரம்பித்தது முப்பது வயதைத் தாண்டிய பிறகு. அதே ஊர், அதே 1923-ல் பிறந்தவர் கு. அழகிரிசாமி. பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்துவிட்டு, பத்திரிகை வேலைக்குச் சென்னை போனார். பிரிந்த பின்னும் சிநேகிதர்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கி.ரா.வுக்கு அழகிரிசாமி எழுதியவற்றைப் படித்துப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். அந்தக் கை ஒரே நாளில் வந்துவிடாது. பின்னால் இரண்டு பேருக்குமே சாகித்ய அகாதமி கிடைத்தது. அழகிரிசாமிக்குக் கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை.

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருகிறார்கள்: நடந்ததை அன்றைக்கே குறிப்பேட்டில் பதி, அப்புறம்தான் பேரேடு. வருஷக் கடைசியில் ஞாபகத்தை வைத்துக் கணக்கு எழுதினால் இருப்பாய்வு டேலி ஆகாது. எழுதுகிறவனுக்கும் இதே பாடம்தான். பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டி போட்ட சண்டையை அன்று ராத்திரியே எழுதினால் அவள் சொன்ன வார்த்தை மிஞ்சும். ஆறு மாசம் கழித்து எழுதினால் நம் வார்த்தைதான் மிஞ்சும்.

இன்னொரு கோஷ்டி உண்டு. "காமர்ஸ் படிக்கிற பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதுக்கு? குரூப் 4-க்குப் படி" என்கிற மாமாக்கள். குற்றாலத்தில் பிரம்மராஜனோடு சேர்ந்து கவிதைப் பட்டறைகள் நடத்திய கலாப்ரியா வங்கி ஊழியர் மாமா. கணக்கும் பார்த்தார், கவிதையும் எழுதினார்.

காசு இல்லை, புத்தகம் விலை என்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சேதி. மாமா வருஷா வருஷம் திட்டிக்கொண்டே கட்டுகிற வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். 1948-ம் வருஷத்துப் பொது நூலகச் சட்டப்படி, வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி அதில் சேர்ந்திருக்கும். பணம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. அந்த வீட்டில் எத்தனை பேரிடம் நூலக அட்டை இருக்கிறது?